சூப்பர்கம்ப்யூட்டர்: டர்பன் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கத்து ஞாயிறு தமிழ் வகுப்புகளில் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு எப்படியும் சூப்பர்கம்ப்யூட்டரில் போய் நிற்கிறது. கேப் டவுனில் நம் நாட்டுக்கென்றே ஒன்று ஓடுகிறது, நம் பல்கலைக்கழக மாணவர்கள் தினமும் அதில் வேலை செய்கிறார்கள் என்றால் பலர் நம்புவதில்லை. பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன்.

சூப்பர்கம்ப்யூட்டர் என்றால் மிக வேகமான ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதானே?

இல்லை. இன்றைய சூப்பர்கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு சிப்பைத் தனியே எடுத்துப் பார்த்தால், நல்ல கேமிங் கம்ப்யூட்டரின் சிப்பை விட அது பெரிய வேகம் ஒன்றும் இல்லை. சில சமயம் அதை விட மெதுவாகவே ஓடும். ஆயிரக்கணக்கான சிப்புகள் ஒரே கணக்கைப் பங்கு போட்டுக்கொண்டு, நடுநடுவே விடைகளைப் பரிமாறிக்கொண்டு செய்வதில்தான் விஷயம் இருக்கிறது. பெரிய இணைய நிறுவனங்களிடமும் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே ஒருவர் தேடுவதற்கும் இன்னொருவர் தேடுவதற்கும் தொடர்பு கிடையாது. இங்கே எல்லாருக்கும் ஒரே கணக்கு. ஒரு கம்ப்யூட்டர் பின்தங்கினால் மற்றவையும் காத்து நிற்கும்.

அதனால் சூப்பர்கம்ப்யூட்டரின் வரலாறு பாதிக்கு மேல் கம்பிகளின் வரலாறு, அதாவது ஓர் எண்ணை இங்கிருந்து அங்கே எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோகலாம் என்பதன் வரலாறு. மிச்சம், வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருளின் வரலாறு. கீழே வரும் பதில்களில் இந்த இரண்டும்தான் மாறி மாறி வரும்.

முதல் சூப்பர்கம்ப்யூட்டர் எது?

பெரும்பாலோர் காட்டுவது 1964இல் வந்த சி.டி.சி 6600. அதற்கு முன்பே ஐ.பி.எம் நிறுவனத்தின் ஸ்ட்ரெட்ச், மான்செஸ்டரின் அட்லஸ் போன்ற பெரிய இயந்திரங்கள் இருந்தன. ஆனால் 6600, ஸ்ட்ரெட்சை விட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாக ஓடியது. நொடிக்குச் சுமார் 30 லட்சம் தசமக் கணக்குகள் போட்டது.

வடிவமைத்தவர் சேமூர் க்ரே. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சிப்பிவா ஃபால்ஸ் என்ற சிறிய ஊரில், சின்னக் குழு ஒன்றை வைத்துக்கொண்டு செய்தார். அப்போது ஐ.பி.எம்மின் தலைவராக இருந்த தாமஸ் வாட்சன் இளையவர், தன் ஆட்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். துப்புரவுப் பணியாளரையும் சேர்த்து 34 பேர் இருக்கும் ஒரு கூடம், இவ்வளவு பெரிய நிறுவனத்தை எப்படி முந்தியது என்று அதில் கேட்டார். பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்லும் செய்தி இது.

6600இன் உள்ளே ஒரு நல்ல யோசனை இருந்தது. நடுவில் இருக்கும் முக்கியப் பகுதி கணக்கு மட்டும் போடும். கார்டு படிப்பது, அச்சடிப்பது, டேப்பில் எழுதுவது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளப் பத்துச் சின்னத் துணைக் கணினிகள் இருந்தன. முக்கியப் பகுதியைச் சில்லறை வேலைகளுக்காக நிறுத்துவதில்லை. அந்தப் பழக்கம் இன்று வரை தொடர்கிறது.

க்ரே-1 படத்தில் சோபா மாதிரி வளைந்திருக்கிறதே, அழகுக்காகவா?

அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் காரணம் அது இல்லை. க்ரே தனி நிறுவனம் தொடங்கி 1976இல் முதல் க்ரே-1ஐ லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். அதன் கடிகாரத் துடிப்பு 12.5 நானோநொடிக்கு ஒன்று. ஒரு நானோநொடியில் வெளிச்சம் போவதே சுமார் 30 சென்டிமீட்டர்தான். கம்பிக்குள் மின்சமிக்ஞை அதை விடவும் மெதுவாகப் போகும். கம்பி நீண்டால் அடுத்த துடிப்புக்குள் எண் போய்ச் சேராது. வளைத்து வைத்தால் உட்பக்கம் நெருங்கிவிடும், கம்பிகள் குறுகிவிடும். மிக நீளமான கம்பிகூட நாலு அடியைத் தாண்டக் கூடாது என்று வைத்தார்கள். சமிக்ஞைகள் சரியான நேரத்தில் வந்து சேர வேண்டும் என்பதற்காகக் கம்பிகளை அளந்து வெட்டிக் கையாலேயே இணைத்தார்கள். சிப்பிவா ஃபால்ஸ் ஊர்ப் பெண்கள் பலர் உட்கார்ந்து செய்த வேலை அது. வரலாறு எழுதுகிறவர்கள் அவர்களை இன்னும் கொஞ்சம் அதிகமாகவே சொல்லியிருக்கலாம்.

சுற்றியிருந்த இருக்கைகளுக்குள் மின்சாரம் வழங்கும் கருவிகள். உள்ளே ஃப்ரியான் ஓடிக் குளிரவைத்தது. எடை சுமார் 5 டன், மின்சாரம் சுமார் 115 கிலோவாட். மெமரி வெறும் 8 மெகாபைட். இன்று கைபேசியில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களே அந்த இடத்தை நிரப்பிவிடும்.

இன்னொரு முக்கியமான விஷயம் வெக்டர் கணக்கு. 64 எண்களைக் கொண்ட ஒரு வரிசையை இன்னொரு வரிசையோடு கூட்ட, க்ரே-1க்கு ஒரே ஒரு கட்டளை போதும். உச்ச வேகம் நொடிக்கு 16 கோடி கணக்குகள். உங்கள் கைபேசியும் லேப்டாப்பும் இன்று படத்தைத் திருத்தும்போது உள்ளே செய்வது ஏறக்குறைய இதே வித்தைதான்.

அப்புறம் ஏன் அந்த மாதிரி இயந்திரங்கள் காணாமல் போயின?

விலை. ஒரு க்ரேக்குப் பல மில்லியன் டாலர் கொடுக்க அரசாங்கங்களால்தான் முடிந்தது. 1980களின் கடைசியில், கடையில் விற்கும் சாதாரண சிப்புகள் வருடா வருடம் வேகமாக வளர்ந்தன. லட்சக்கணக்கில் விற்பதால் விலையும் குறைந்தது. ஒரு பெரிய எஞ்சினுக்குப் பதில் நூறு சின்ன எஞ்சின்களைச் சேர்த்தால் என்ன என்று பலரும் யோசித்தார்கள்.

1994இல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரண 486 கம்ப்யூட்டர்களை ஈதர்நெட் கேபிளால் இணைத்து, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, பேவுல்ஃப் என்று பெயர் வைத்தார்கள். என் கணிப்பில் இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் அதுதான். அதன் வேகம் பெரிதில்லை. ஆனால் பணமில்லாத பல்கலைக்கழகமும் செய்யலாம் என்று காட்டியது. 1996 டிசம்பரில் சாண்டியா ஆய்வுக்கூடத்தின் ஆஸ்கி ரெட், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இன்டெல் பென்டியம் ப்ரோ சிப்புகளை வைத்து நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கைத் தாண்டியது. அதைத்தான் டெராஃப்ளாப் என்கிறோம். ஜப்பானின் எர்த் சிமுலேட்டர் 2002இல் வெக்டர் சிப்புகளோடு வந்து, உலகின் வேகமான 500 சூப்பர்கம்ப்யூட்டர்களின் பட்டியலில் இரண்டு வருடத்துக்கு மேல் முதலிடத்தில் இருந்தது. அதன் பிறகு அந்த வகை பட்டியலின் உச்சிக்கு வரவே இல்லை.

இந்தியாவுக்கு அமெரிக்கா சூப்பர்கம்ப்யூட்டர் தர மறுத்தது என்று தாத்தா சொல்கிறார். உண்மையா?

உண்மை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்காகக் கேட்ட சக்தி வாய்ந்த க்ரேயைத் தரவில்லை. வானிலைக்காக அதை விடச் சிறிய ஒன்றை நிபந்தனைகளோடு டெல்லிக்குக் கொடுத்தார்கள். அதன் பிறகு புனேயில் 1988இல் சி-டாக் என்ற அரசு கணினி ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் 1991இல் பரம் 8000 வந்தது. டிரான்ஸ்பியூட்டர் என்ற சிப்புகளை இணைத்துச் செய்தது. பெரிய எஞ்சின் கிடைக்காதவர்கள் சின்னவற்றைச் சேர்த்துச் சாதித்ததற்கு நல்ல உதாரணம்.

நம் நாட்டில் இருப்பதன் பெயர் என்ன? உள்ளே என்ன இருக்கிறது?

கேப் டவுன் ரோஸ்பேங்கில், சி.எஸ்.ஐ.ஆர் என்ற அரசு ஆய்வு அமைப்பின் கீழ் இயங்கும் உயர்திறன் கணிப்பு மையம் 2007இல் தொடங்கியது. அங்குள்ள இயந்திரங்களுக்குக் காட்டு விலங்குகளின் பெயர்கள்: முதலில் ஐக்குடு, அப்புறம் செசெபி, 2016 ஜூனில் லெங்காவ். வந்தபோது ஆப்பிரிக்காவிலேயே வேகமானது லெங்காவ்தான். உலகப் பட்டியலில் 121ஆம் இடம். பின்னர் மொராக்கோவின் டூப்கால் அதைத் தாண்டியது.

லெங்காவை டெல் நிறுவனம் கட்டியது. 1,368 நோடுகள். நோடு என்றால் பெட்டிக்குள் இருக்கும் ஒரு முழுக் கம்ப்யூட்டர். ஒவ்வொன்றிலும் இரண்டு இன்டெல் சியான் சிப்பு, சிப்புக்கு 12 கோர். கோர் என்றால் சிப்புக்குள் தனியாகக் கணக்கு போடும் ஒரு பகுதி. ஆக நோடுக்கு 24, மொத்தம் 32,832 கோர். வேகம் சுமார் ஒரு பெட்டாஃப்ளாப், அதாவது நொடிக்கு ஒன்றுக்குப் பின் 15 பூஜ்யம் போட்ட அளவு கணக்குகள்.

படம் பார்க்கிறவர்கள் கறுப்புப் பெட்டிகளைத்தான் பார்ப்பார்கள். நான் பின்பக்கத்துக் கேபிள்களைப் பார்க்கச் சொல்வேன். அது இன்ஃபினிபேண்ட் என்ற இணைப்பு, நொடிக்கு 56 ஜிகாபிட் கடத்தும். அதை விட முக்கியம், ஒரு சின்னச் செய்தி இன்னொரு நோடுக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மைக்ரோநொடிதான் ஆகும். சாதாரண ஈதர்நெட்டில் பல பத்து மைக்ரோநொடி. வித்தியாசம் அற்பமாகத் தெரியலாம். ஆனால் 2.6 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரு கோர் ஒரு மைக்ரோநொடி சும்மா இருந்தால் 2,600 துடிப்புகள் வீண். பல பத்து மைக்ரோநொடி என்றால், அது பல கோடித் தடவை திரும்பத் திரும்ப நடந்தால், பெரிய நேர நஷ்டம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டெக்சாஸில் 2013இல் ஓய்வு பெற்ற ரேஞ்சர் என்ற சூப்பர்கம்ப்யூட்டரின் ரேக்குகள் தென்னாப்பிரிக்காவுக்கு வந்து, பிரிக்கப்பட்டு, இங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கும் பக்கத்து நாடுகளுக்கும் போயின. பழைய இயந்திரத்தில் கற்றுக்கொண்ட கைகள்தான் புதியதையும் ஓட்டுகின்றன.

அதில் விண்டோஸ் இருக்குமா?

இல்லை. லினக்ஸ். லெங்காவில் மட்டுமல்ல, 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர்கம்ப்யூட்டர்களிலும் லினக்ஸ்தான். இலவசம் என்பது ஒரு காரணம். தேவையில்லாத பகுதிகளைக் கழற்றிவிட்டுத் தேவையானதை மட்டும் வைத்துக்கொள்ள முடியும் என்பது அதை விடப் பெரிய காரணம்.

ஒரே கணக்கை ஆயிரம் கோர்கள் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நம் மாகாணமான குவாசூலு-நடால் முழுவதற்கும் நாளைய மழையைக் கணக்கிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தின் மேல் சதுரக் கட்டங்கள் போடுகிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், ஈரம், அழுத்தம். அடுத்த சில நொடிகளில் ஒரு கட்டத்தில் என்ன நடக்கும் என்பது பக்கத்துக் கட்டங்களில் இப்போது என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மொத்த வரைபடத்தை 240 துண்டாக வெட்டி, 240 கோருக்குக் கொடுக்கிறோம்.

துண்டின் நடுவில் இருக்கும் கட்டங்களுக்குச் சிக்கல் இல்லை. ஓரத்தில் இருப்பவைக்குத்தான் பக்கத்துத் துண்டின் எண்கள் வேண்டும். டொங்காட் துண்டின் தெற்கு ஓரக் கட்டத்துக்கு வெருலம் துண்டின் வடக்கு வரிசை தேவை. அதனால் ஒவ்வொரு கோரும் தன் துண்டைச் சுற்றி ஒரு வரிசை காலி இடம் வைத்திருக்கும். ஒவ்வொரு நேர அடிக்கும், அதாவது கணக்கைச் சில நொடிகள் முன்னே நகர்த்தும் ஒவ்வொரு தடவைக்கும், முன்னால் பக்கத்தாரிடமிருந்து எண்களை வாங்கி அதில் நிரப்பிக்கொள்ளும். தன் ஓரத்து எண்களை அவர்களுக்கு அனுப்பும். கணக்குப் போடும். மறுபடி பரிமாற்றம். இப்படியே ஆயிரக்கணக்கான அடிகள்.

அனுப்பு, வாங்கு என்ற இந்தக் கட்டளைகளின் பொது விதிமுறைதான் எம்.பி.ஐ. முதல் பதிப்பு 1994இல் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தது. இயந்திரம் மாறினால் நிரலையும் திருத்தி எழுத வேண்டியிருந்தது. எம்.பி.ஐ வந்த பிறகு, லேப்டாப்பில் நாலு கோருக்கு எழுதியது லெங்காவிலும் ஓடும்.

புதியவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் இருக்கிறது. டொங்காட் கோர், வெருலத்திடமிருந்து வாங்கினால்தான் அனுப்புவேன் என்று நிற்கும். வெருலம் கோரும் அதே மாதிரி நிற்கும். இரண்டும் காத்துக்கொண்டே இருக்கும். பிழைச்செய்தி வராது, நின்ற மாதிரியும் தெரியாது, ஒதுக்கிய நேரம் முழுதும் அப்படியே போகும். ஒற்றைப்படை எண் கோர்கள் முதலில் அனுப்பட்டும், இரட்டைப்படை முதலில் வாங்கட்டும் என்று மாற்றி எழுதினால் ஓடிவிடும். ஒரே கட்டளையில் அனுப்பி வாங்கும் வசதியும் எம்.பி.ஐயில் உண்டு.

240 கோர் என்றால் 240 மடங்கு வேகமா?

அப்படி ஆகாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் காய் நறுக்க நாற்பது பேர் கூடினால் வேலை சட்டென்று முடியும். ஆனால் பிரியாணி அடுப்பில் வேகும் நேரத்தை நாற்பது பேராலும் குறைக்க முடியாது. கணக்கிலும் பிரிக்க முடியாத பகுதி ஒன்று எப்போதும் இருக்கும். ஜீன் அம்டால் இதை 1967இலேயே சொன்னார். வேலையில் 5 சதவீதம் பிரிக்க முடியாதது என்றால், 240 கோர் போட்டாலும் சுமார் 18.5 மடங்குதான் கிடைக்கும். பத்தாயிரம் கோர் போட்டாலும் 20ஐத் தாண்டாது. அதனால் கோர்களைக் கூட்டுவதற்கு முன் அந்த 5 சதவீதத்தைக் குறைக்கப் பாருங்கள்.

2022 வெள்ளத்தை ஒரு பெரிய சூப்பர்கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லியிருக்குமா?

ஏப்ரல் 11, 12 மழையில் நம் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டொங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் சும்மா கேட்பதில்லை என்பது எனக்குத் தெரியும்.

கட்டத்தின் அளவுதான் இங்கே முக்கியம். ஒரு கட்டம் பத்து கிலோமீட்டர் அகலம் என்றால், பைன்டவுன் மேடும் உம்கேனி ஆற்றுப் பள்ளமும் சேர்ந்து ஒரே எண்ணாகிவிடும். கட்டத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நாலு மடங்கு. நேர அடியையும் பாதியாக்க வேண்டும். ஆகக் கணக்கு எட்டு மடங்கு. இன்னொரு முறை பாதியாக்கினால் 64 மடங்கு. வானிலைக்காரர்கள் எப்போதும் இன்னும் பெரிய இயந்திரம் கேட்பது இதனால்தான். நேரமும் கழுத்தைப் பிடிக்கிறது. நாளைய மழையைச் சொல்லும் கணக்கு நாளை மறுநாள் முடிந்தால் யாருக்குப் பிரயோஜனம்?

நல்ல கட்டம் இருந்தாலும் எந்தத் தெருவில் மண் சரியும் என்று மழைக்கணக்கு சொல்லாது. கன மழை வருகிறது என்று சொல்லும். அந்தச் செய்தி சரிவில் வீடு கட்டியிருப்பவரின் கைபேசிக்கு, அவருக்குப் புரியும் மொழியில், அன்று மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். அந்த வேலையைச் சூப்பர்கம்ப்யூட்டர் செய்யாது. வெள்ளத்துக்குப் பிறகு விஞ்ஞானிகள் செய்த ஆய்வு ஒன்று, முன்பு சுமார் 40 வருடத்துக்கு ஒரு முறை வந்த இப்படிப்பட்ட மழையை இப்போது 20 வருடத்துக்கு ஒரு முறை எதிர்பார்க்கலாம் என்றது. அந்த முடிவுக்கும் காலநிலை மாதிரிகள் தேவைப்பட்டன. அவற்றை ஓட்டுவது இதே வகை இயந்திரங்கள்.

கேம் விளையாடும் ஜிபியு சூப்பர்கம்ப்யூட்டருக்குள் எப்படி வந்தது?

திரையில் லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே மாதிரிக் கணக்கு போடுவது ஜிபியுவின் வேலை. வானிலைக் கட்டங்களுக்கும் அதேதான் வேண்டும். 2008இல் முதன்முதலாக ஒரு பெட்டாஃப்ளாப்பைத் தொட்ட ரோட்ரன்னர், பிளேஸ்டேஷன் 3க்குள் இருந்த செல் சிப்பின் உறவுக்காரச் சிப்பைப் பயன்படுத்தியது. 2010இல் சீனாவின் தியான்ஹே-1ஏ ஜிபியுக்களோடு முதலிடம் வந்தது. 2022இல் எக்சாஃப்ளாப்பை, அதாவது நொடிக்கு ஒன்றுக்குப் பின் 18 பூஜ்யம் போட்ட அளவு கணக்குகளைப், பட்டியலில் முதலில் தாண்டிய ஃப்ரான்டியரில் ஒவ்வொரு நோடிலும் ஒரு சிபியு, நாலு ஜிபியு. 2024 நவம்பரில் எல் கேப்பிடான் 1.742 எக்சாஃப்ளாப்போடு அதை முந்தியது. ஜிபியு இல்லாமலும் முடியும் என்று ஜப்பானின் ஃபுகாகு 2020இல் காட்டியது.

லோட்-ஷெடிங் வந்தால் கணக்கு போய்விடுமா?

நடுவில் சேமித்து வைக்கவில்லை என்றால் போய்விடும். மின்வெட்டே இல்லாத நாட்டிலும் இந்தப் பழக்கம் அவசியம். ஆயிரக்கணக்கான நோடுகளில் ஏதாவது ஒன்று பழுதாகிக்கொண்டேதான் இருக்கும். அதனால் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை எல்லா எண்களையும் டிஸ்க்கில் எழுதிவிடுவார்கள். நின்றால் கடைசியாக எழுதிய இடத்திலிருந்து தொடரலாம்.

கரூவில் இருக்கும் மீர்காட் தொலைநோக்கிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

2018இல் திறந்த மீர்காட்டில் 64 தட்டுகள். ஒவ்வொரு தட்டின் சமிக்ஞையையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட வேண்டும். அது 2,016 ஜோடி. மீர்காட்டையும் சேர்த்துக் கரூவில் கட்டப்படும் எஸ்.கே.ஏ என்ற பெரிய தொலைநோக்கி முடிந்ததும் தட்டுகள் 197, ஜோடிகள் 19,306. தட்டு மூன்று மடங்கு, வேலை ஒன்பது மடங்குக்கு மேல். வரும் டேட்டா முழுவதையும் சேமிக்க முடியாது, வரும்போதே சுருக்கியாக வேண்டும்.

என் மகளுக்கு இதில் ஆர்வம். எங்கே தொடங்கலாம்?

பெரிய கணிதம் தெரிந்த பிறகுதான் என்று காத்திருக்க வேண்டாம். லினக்ஸ் கட்டளைகளும் பைத்தானோ சியோ ஒரு மொழியும் போதும். பல்கலைக்கழகம் போன பிறகு மாணவர் கிளஸ்டர் போட்டி இருக்கிறது. கேப் டவுன் மையம் நாடு முழுவதும் இளநிலை மாணவர்களிலிருந்து அணியைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, ஜெர்மனிக்கு அனுப்புகிறது. ஆறு பேர் சேர்ந்து ஒரு சின்ன சூப்பர்கம்ப்யூட்டரைக் கட்டி, குறிப்பிட்ட மின்சார அளவுக்குள் கொடுத்த கணக்குகளை ஓட்ட வேண்டும். 2013இல் முதல் முறை போன தென்னாப்பிரிக்க அணியே முதலிடம் வாங்கியது. 2014இலும் 2016இலும் மறுபடி முதலிடம். நம் பிள்ளைகள் இந்தப் பெயர்களைக் கிரிக்கெட் அணி மாதிரித் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

வீட்டில் இப்போதே செய்யக்கூடியது: இரண்டு பழைய கம்ப்யூட்டர், ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச், இரண்டு கேபிள். இரண்டிலும் லினக்ஸும் ஓப்பன் எம்.பி.ஐயும் போட வேண்டும். பாஸ்வேர்ட் கேட்காமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் போகும்படி அமைக்க வேண்டும். ஒரு சதுரத் தகட்டின் ஓர் ஓரம் மட்டும் சூடாக இருந்தால் வெப்பம் எப்படிப் பரவும் என்பது நல்ல முதல் கணக்கு, மேலே சொன்ன மழைக் கட்டங்களின் எளிய வடிவம். ஒரு கோர், இரண்டு, நாலு, எட்டு என்று ஓட்டி ஒவ்வொரு முறையும் ஆன நேரத்தைத் தாளில் குறிக்கட்டும். முதலில் 100க்கு 100 கட்டம், அப்புறம் 2,000க்கு 2,000. சின்னத் தகட்டில் இரண்டாவது கம்ப்யூட்டரைச் சேர்த்ததும் நேரம் குறையாமல் கூடக்கூடும். கேபிளில் எண்கள் போய்வரும் நேரம் கணக்கு போடும் நேரத்தை விட அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். எந்த அளவில் அது தலைகீழாகிறது என்று அவளே அளந்து கண்டுபிடிக்கட்டும்.